நான் வாசிக்காமல் விட்ட கடைசிப் பத்தி

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. நம் கோயில் மாதர் குழுவின் வாட்ஸ்அப்பில் இருக்கிற இருநூற்றுச் சொச்சம் பெண்களும் உன்னோடு சேர்ந்தே படிப்பார்கள். வீட்டு விஷயத்தை இப்படி நடுத்தெருவில் விரித்துப் போடுகிறாளே, அம்மாவுக்குப் புத்தி கித்தி கெட்டுவிட்டதா என்று உனக்கு முதலில் கோபம்தான் வரும். வரட்டும். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம், பெண் வீட்டாரில் இரண்டு பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். நாலு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும் மூன்று தடவை எழுந்துபோய்ச் சமையலறையில் சும்மா நின்றுவிட்டு வந்தேன். உனக்குத் தனியாக அனுப்பாமல் ஏன் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து நீ போன் செய்தாய். பெரியம்மா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறாரே, என்ன காரணம் என்று கேட்டாய். சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி வேன் பேசிவிட்டதாகவும், மண்டபத்தில் படியே இல்லாத பக்கமாக வழி பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னாய். "எனக்கு முதல் நலங்கு பெரியம்மா கையாலதாம்மா வைக்கணும். நீங்க போய் என்னான்னு கேட்டுட்டு வாங்க" என்றாய். நான் என்ன சொன்னேன் நினைவிருக்கிறதா? அவளுக்குக் கடல் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வருவது சங்கடமாக இருக்கும், கால் போன பிறகு கூட்டத்துக்குக் கூச்சப்படுகிறாள் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவள் ஏன் வரமாட்டேன் என்கிறாள் என்பது எனக்குத் தெரியும், தம்பி. உனக்குத்தான் தெரியாது.

உன்னை வளர்த்தது நான் என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டிருக்கிறது. சரி, பெற்றது நான். பாயான் பாருவில் என் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். உன் அப்பா லாரியில் ஈப்போ, ஜோகூர் என்று போனால் மூன்று நாள் கழித்துத்தான் வருவார். திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை புக்கிட் மெர்தாஜாமில் என் அக்கா வீட்டில்தான் நீ இருந்தாய். புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல் இருந்த அவள், அந்த ஐந்து நாளுக்காகவே மற்ற இரண்டு நாளைத் தள்ளினாள். உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையால் வருடிக்கொண்டு ராப்பகலாக உட்கார்ந்திருந்தவள் அவள். நான் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் உன்னைக் கூட்டிப்போக நான் வரும்போதெல்லாம் நீ அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவாய். எனக்கு உள்ளுக்குள் எரியும். பெற்ற பிள்ளை அக்காவைப் பிடித்துக்கொண்டு அழுகிறதே என்று பொறாமைதான், வேறென்ன. இதையும் இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

கம்பெனியில் நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கம்ப்யூட்டர் சிப்பில் முடியைவிட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. என் மேசையில் மூன்று தட்டு இருக்கும். நல்லது ஒன்றில், கழித்தது ஒன்றில், சந்தேகமானது மூன்றாவதில். மூன்றாவது தட்டை யாருக்கும் பிடிக்காது, ஏனென்றால் அது நிறைந்தால் லைன் நிற்கும். ஒரு தடவை மாசக் கடைசியில், சரக்கு அனுப்பியே ஆகவேண்டிய நாளில், ஒரு லாட் முழுவதையும் நான் சந்தேகத் தட்டுக்குத் தள்ளிவிட்டேன். சூப்பர்வைசர் எல்லார் எதிரிலும் கத்தினார். நான் அசையவில்லை. பிறகு பார்த்தால் பாதிக்குமேல் கோளாறு. அந்தக் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சந்தேகம் என்றால் சந்தேகம்தான், யார் கத்தினாலும் நல்ல தட்டில் வைக்காதே என்று உனக்குப் புத்தி வேறு சொன்னேன். ஊருக்கு உபதேசம்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் கை சும்மா இருக்கவில்லை. ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கி வாசிக்க போனில் நீதான் சொல்லிக்கொடுத்தாய். அதில் பிடித்ததுதான் எனக்கு இந்தப் பைத்தியம். உலகத்தில் யார் என்ன கண்டுபிடித்தாலும் காலை ஏழு மணிக்கு மாதர் குழுவில் என் குரல் வந்துவிடும். பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிற தூளைப் பற்றிச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்த அந்தத் தூளை, இனிமேல் தண்ணீர் பில்லே வராது என்கிற அளவுக்கு ஏற்றிவிட்டேன். ஒரே வடிவத்து டைல்ஸை வைத்துத் தரை முழுக்கப் பதித்தாலும் எங்கேயும் ஒரே கோலம் திரும்பி வராது என்று கணக்கில் கண்டுபிடித்ததைச் சொன்னேன். முதலில் அந்த வடிவத்தைக் கண்டவர் பெரிய பேராசிரியர்கூட இல்லை, பொழுதுபோக்காக வெட்டி ஒட்டிப் பார்த்த ஒரு மனிதர் என்றதும் பெண்களுக்கு ஏகச் சந்தோஷம். பன்றியின் சிறுநீரகத்தை மனிதனுக்கு வைத்ததைச் சொன்னேன். உயரத்தில் நேரம் வேகமாக ஓடுகிறது என்பதை ஒரு மில்லிமீட்டர் உயர வித்தியாசத்திலேயே கடிகாரம் வைத்துக் காட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். மாடி வீட்டுக்காரர்களுக்குச் சீக்கிரம் வயசாகும் என்று அதோடு ஒரு வால் கட்டிவிட்டேன். பதினேழாவது மாடி அக்கா ஒருவர் கீழே வாடகை வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார், பாவம். ஜெலுத்தோங் பாசாரில் மீன் வாங்கப் போனால் "வாங்க சைன்ஸ் அக்கா" என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டது. பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

அந்தச் செய்திகள் எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு பத்தி இருக்கும். நீயே எனக்குக் காட்டியிருக்கிறாய். இது எலியில் மட்டும்தான் பார்த்தது, மனிதனுக்கு ஒத்துவருமா என்று தெரியாது. இன்னும் பல வருஷம் ஆகும். இந்த வித்தியாசம் மிகச் சிறியது, யாரும் உணர முடியாது. எப்போதும் இப்படி ஏதாவது இருக்கும். அந்தப் பத்தியை மட்டும் நான் வாசிக்கவே மாட்டேன். இரண்டு நிமிஷத்துக்கு மேல் போனால் யாரும் கேட்பதில்லை என்பது நான் சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மை என்னவென்றால், அந்தப் பத்தியைப் படித்தால் மேலே சொன்னதன் சுவை போய்விடும். கம்பெனியில் மூன்றாவது தட்டுக்குக் காவல் இருந்தவள், வீட்டுக்கு வந்ததும் அந்தத் தட்டையே தூக்கி எறிந்துவிட்டேன்.

உன் விஷயத்தில் இது புதிதும் இல்லை. பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை, எஸ்.பி.எம்.மில் எட்டு ஏ எடுத்தாய். பாசாரில் நான் ஒன்பது என்றேன். எட்டே ஊரைக் கூட்டிக் கொண்டாடுகிற சங்கதிதான், ஆனாலும் வாய் ஒன்பது என்றது. அதன்பின் கேட்கிறவர்களிடம் எல்லாம் நீ ஒன்பதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. சிரித்துக்கொண்டே சமாளித்தாய். அன்றைக்கு நீ என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை.

போன வருஷம் நீ ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியதற்குக் கோயில் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். நீ வேண்டாம் வேண்டாம் என்றாய், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பேனருக்கு வாசகம் கொடுத்ததும் நான்தான். 'கால் புண்ணுக்கு மருந்து கண்ட நம் வீட்டுப் பிள்ளை' என்று உன் படத்தோடு எட்டடி நீளம். அதைப் பார்த்ததும் உன் முகம் செத்துவிட்டது. மைக்கைக் கையில் கொடுத்தபோது நீ நிதானமாகத்தான் சொன்னாய். கண்ணாடித் தட்டில் வளர்த்த தோல் செல்லில் ஒரு பசையைத் தடவிப் பார்த்தோம், கீறல் சீக்கிரம் மூடியது, அவ்வளவுதான், இது இன்னும் மருந்து இல்லை என்றாய். கூட்டத்துக்குப் புரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, அப்படியென்றால் மருந்து இருக்கிறதா இல்லையா என்று கேட்டாள். நீ பதில் சொல்லுமுன் நான் மைக்கைப் பிடுங்கினேன். "இருக்கு. என் மகன் கண்டுபிடிச்சிட்டான். இனிமே சக்கரைக் காலுன்னு யாரும் விரலை வெட்டிக்க வேண்டியதில்ல." கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. காலில் ஆறாத சக்கரைப் புண்ணோடு உன் பெரியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது காரில் நீ சத்தம் போடவில்லை. இது மருந்தாக வருமா என்பதே தெரியாது, வந்தாலும் பத்து வருஷம் ஆகலாம் என்று பொறுமையாகச் சொன்னாய். சரிப்பா, ஒரு சந்தோஷத்தில் சொன்னதுதானே என்றேன். ஆக, அன்று சாயந்திரமே எனக்கு எல்லாம் தெரியும். இதை நீ மறக்காதே.

மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். கால் சுண்டுவிரல் கறுத்துப்போய்விட்டது, ஒரு விரலை எடுத்தால் மற்றது தப்பிக்கும் என்று டாக்டர் சொல்கிறார், என்ன செய்யட்டும் என்றாள். "உன்னைக் கேக்காம நான் கையெழுத்துப் போடல. தம்பி மருந்து எப்ப வரும்?" என்று கேட்டாள். அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மருந்து இல்லை அக்கா, நான் வாய்க்கொழுப்பில் சொன்னது, போய் விரலை எடுத்துக்கொள் என்று. இருநூறு பேர் கைதட்டியதை அக்கா முன்னால் ஒரு போன் காலில் கீழே போட எனக்கு மனசு வரவில்லை. தீபாவளிக்குள் வந்துவிடும், அவசரப்படாதே, அதுவரைக்கும் சுத்தமாகக் கழுவிக் கட்டு என்றேன். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியுமே.

அவள் ஐந்து வாரம் காத்திருந்தாள். மறுமுறை மருந்து கட்டப் போனபோது அந்தப் பேனரைப் படம் எடுத்து வைத்திருந்ததை நர்ஸிடம் காட்டினாளாம். இவன் என் தங்கை மகன், நான் வளர்த்த பிள்ளை, இவன் மருந்து வந்துகொண்டிருக்கிறது, அதுவரைக்கும் கை வைக்காதீர்கள் என்றாளாம். அந்த நர்ஸ் என்ன நினைத்திருப்பாள் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது காய்ச்சல் கண்டது. நினைவு தப்பியவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு விரலோடு போக வேண்டியது முழங்காலுக்குக் கீழே மொத்தமாகப் போய்விட்டது. ஏன் இவ்வளவு தாமதமாகப் போனார் என்று நீ என்னிடம் கேட்டாய். அவள் பயந்தவள் லா, கத்தி என்றாலே ஓடுவாள், நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை என்றேன். என் பொய்யை அவள் காலில் கட்டிவிட்டேன், இல்லாத காலில்.

நீ படிக்கும்போது ஒரு சங்கதி சொன்னாய். உன் நண்பன் ஒருவன் தான் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்குத் தப்பாக இருப்பதைத் தானே கண்டுபிடித்து, யாரும் கேட்காமலே அதே இதழுக்கு எழுதித் திருத்தம் போட வைத்தான் என்று. நான் சிரித்தேன். பைத்தியமா அவன், பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். நீ சிரிக்கவில்லை. "எங்க சொன்னோமோ அங்கயே திருத்தணும்மா. வேற எங்கயோ முணுமுணுத்தா அதை நம்பினவனுக்கு எப்படித் தெரியும்?" என்றாய். அன்று மண்டபத்தில் கைதட்டியவர்கள் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள், அதற்காகத்தான் இது உனக்குத் தனிக் கடிதமாக வரவில்லை. குழுவில் இருக்கிற சகோதரிகளே, உங்களுக்கும் சொல்கிறேன். என் மகன் கால் புண்ணுக்கு மருந்து கண்டுபிடிக்கவில்லை. அவன் அப்படிச் சொல்லவும் இல்லை. சொன்னது நான். என் பேச்சைக் கேட்டு யாராவது டாக்டர் சொன்னதைத் தள்ளிப்போட்டிருந்தால், தயவுசெய்து நாளைக்கே போய்க் காட்டுங்கள். என்னை என்ன திட்டவேண்டுமோ பிறகு திட்டிக்கொள்ளுங்கள்.

உனக்குப் புத்திமதி சொல்கிற தகுதி இனி எனக்கு இல்லை. இருந்தாலும் கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியாது, பழக்கதோஷம். உன் மனைவியிடம் கடைசிப் பத்தியை விட்டுவிடாதே. சம்பளமோ, உடம்போ, மனசோ, தெரிந்ததைச் சொல்லிவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று சொல். அவள் முகம் ஒரு நிமிஷம் வாடும். வாடட்டும், ஒன்றும் ஆகாது. உனக்குப் பிள்ளை பிறந்தால் அது எட்டு வாங்கினால் எட்டு என்றே சொல்.

இதுவரை எழுதியதை நேற்று மதியம் பஸ் பிடித்து, புக்கிட் மெர்தாஜாமுக்கு எடுத்துப்போய் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவளைக் கேட்காமல் ஊருக்கு அனுப்பக் கூடாதல்லவா. அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. நான் முடித்ததும் போர்வையை நீவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் வெட்டிக்கப் பயமாத்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் உன் தலையிலயே போட்டுக்காத. அதையும் எழுது." எழுதுகிறேன் என்றேன். எழுந்து கிளம்பப் போனேன். அவள் கண்ணைத் திறந்து என்னை நேராகப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு விட்டுட்டியே. தீபாவளி அன்னிக்கு நடந்தது அதுல இல்லையே."

பார், தம்பி, திருத்தம் எழுத உட்கார்ந்தவள் அதிலும் கடைசிப் பத்தியை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. தெரிந்தேதான் விட்டேன்.

தீபாவளியன்று ஆஸ்பத்திரி வார்டுக்கு நீயும் நானும் போனோம். உனக்குத் துக்கம் தாங்கவில்லை, அதைக் கோபமாகக் கொட்டினாய். "ஏன் பெரியம்மா இப்படிப் பண்ணீங்க? ஒரு விரலோட போயிருக்கும். உங்க பிடிவாதத்தால இப்ப பாருங்க, உங்களுக்கும் கஷ்டம், எல்லாருக்கும் கஷ்டம்" என்றாய். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா உன்னைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டிருந்தேன். பிறகு அவள் உன் கையைப் பிடித்து, "ஆமா தம்பி, என் தப்புதான்" என்றாள். நான் சீவி முடித்து நாலாக வெட்டி, முதல் துண்டை உனக்குக் கொடுத்தேன்.

இதனால்தான் அவள் வரமாட்டேன் என்கிறாள். கால் இல்லாதது காரணமில்லை. உன்னை வளர்த்தவள்மேலேயே நீ பழி சொல்லிவிட்டுப் போனாய், அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். நேற்று வாசலில் செருப்பு மாட்டும்போது, கல்யாணத்துக்கு வருவாயா அக்கா என்று கேட்டேன். "நீ முதல்ல அனுப்பு. அப்புறம் அவன் வந்து கூப்பிடட்டும்" என்றாள். வருவேன் என்று சொல்லவில்லை. அதை நான் ஏற்றிச் சொல்லமாட்டேன்.

படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. பிறகு பேசிக்கொள்ளலாம், அல்லது பேசாமலும் இரு. நேராக அவள் வீட்டுக்குப் போ. முன்கதவின் இரும்பு கிரில் உள்பக்கம் பூட்டியிருக்கும். அவள் எழுந்து, அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு, சாவி எடுத்து வர இப்போதெல்லாம் வெகுநேரம் ஆகிறது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அவசரப்படுத்தாதே. வரும்வரை வாசலிலேயே நில்.

அம்மா